செங்கல்பட்டுக் கணக்கும் கையில் இருக்கும் தழும்பும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு 'லாட்' என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே ஆர்டர், ஒரே பையர், ஒரே கருநீலம். ஆனால் அவசரத்துக்குத் துணியை இரண்டு டையிங்கில் கொடுத்து வாங்கியிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரியான நிறம்தான். உடம்பை ஒரு லாட்டிலும் கையை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்துவிட்டால் தெரியும் சேதி! செக்கிங் டேபிளில் விரித்த உடனேயே ஷேட் வேரியேஷன் என்று பீஸை ஒதுக்கிவிடுவார்கள். கட்டிங்கில் லாட் நம்பர் போட்டுத் தனித்தனிக் கட்டாகப் பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

மருத்துவ ஆராய்ச்சியிலும் இதே தலைவலி உண்டு. ஒரு ஊரில் நடந்த சோதனை ஒரு லாட். இன்னொரு நாட்டில் நடந்தது வேறு லாட். ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் புரட்டி எடுத்த புள்ளிவிவரம் மூன்றாவது லாட். ஒவ்வொன்றும் தன்னளவில் சரியானதாகவே இருக்கலாம். மூன்றையும் சேர்த்து ஒரே விடையாகத் தைக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு உலகம் பாடம் படித்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்தப் பாடத்தின் அடையாளம் இதைப் படிக்கும் பலருடைய இடது தோளிலேயே இருக்கிறது. சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள். சின்ன வட்டமாக ஒரு தழும்பு தெரியும். பிறந்த உடனே காசநோய்க்காகப் போட்ட பிசிஜி ஊசி அது.

செங்கல்பட்டுக்குப் போகும் முன்பு 1904க்குப் போக வேண்டும். பி.காம். மாணவர்கள் சாகும்வரை மறக்க முடியாத பெயர் ஒன்று உண்டு: கார்ல் பியர்சன். கோரிலேஷன் கோஎஃபிஷியன்ட் கணக்குப் போட்டுப் பரீட்சையில் பத்து மார்க் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு இந்தியாவில் இருந்த சிப்பாய்களின் டைபாய்டு காய்ச்சலுக்கும் போடப்பட்டது என்று தெரியும்?

ஆல்ம்ராத் ரைட் என்ற மருத்துவர் டைபாய்டுக்கு ஒரு தடுப்பூசி செய்திருந்தார். தென்னாப்பிரிக்கப் போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களிலும் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையிலும் விருப்பப்பட்டவர்களுக்கு அதைப் போட்டார்கள். ஊசி போட்டவர்கள் எத்தனை பேர், போடாதவர்கள் எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல் வந்தது என்ற கணக்குகள் படைப்பிரிவுவாரியாக வந்து குவிந்தன. இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பியர்சனிடம் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கோரிலேஷன் கண்டுபிடித்தார். லேடிஸ்மித் கோட்டைப் படைக்கு 0.445. இந்தியப் படைக்கு 0.100. தனி ரெஜிமென்ட்டுகளுக்கு வெறும் 0.021. எல்லாவற்றுக்கும் சராசரி போட்டால் 0.226.

பல இடத்துப் புள்ளிவிவரங்களைச் சேர்த்து ஒரு மருத்துவக் கேள்விக்கு விடை தேடிய முதல் முயற்சிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஆனால் பியர்சன் அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு கொண்டாடவில்லை. ஏன் ஒரு இடத்தில் 0.445, இன்னொரு இடத்தில் 0.021 என்பதுதான் அவரை உறுத்தியது. ஊசிக்குத் தானாக முன்வந்த சிப்பாய், முன்வராதவனைவிட இயல்பாகவே ஜாக்கிரதையான ஆளாக இருந்தால்? தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பவனாக இருந்தால்? அப்போது காய்ச்சல் குறைந்ததற்கு ஊசி காரணமா, குணம் காரணமா? அதனால் அவர் ஒரு யோசனை சொன்னார்: ஊசி வேண்டும் என்று பெயர் கொடுப்பவர்களை வரிசையாக எழுதிக்கொண்டு ஒருவர் விட்டு ஒருவருக்கு மட்டும் போடுங்கள். இரண்டு கூட்டமுமே முன்வந்தவர்கள், ஒப்பிடலாம். ரைட் இந்த விமர்சனத்தை ஏற்கவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவரும் காரசாரமாக மோதிக்கொண்டார்கள்.

பியர்சன் சொன்ன அந்த 'ஒருவர் விட்டு ஒருவர்' யோசனையின் முழு வளர்ச்சிதான் இன்று கிளினிகல் டிரையல் என்று சொல்லப்படுவது. யாருக்கு மருந்து, யாருக்குச் சும்மா ஊசி என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கும்.

இனி பிசிஜி. 1921ல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதலில் கொடுக்கப்பட்ட மருந்து இது. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கியது. 1930ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில், உண்மையான காசநோய்க் கிருமி கலந்துவிட்ட மருந்தால் 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்து பெரிய களங்கம் வந்தது. இருந்தாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகம் முழுவதும் இதையே பிடித்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் வந்திருந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டிய காலம். இந்தியாவில் 1948ல் சென்னை கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கியது. 1951ல் நாடு முழுக்க ஊசி இயக்கம் ஆரம்பித்தது. மத்திய சுகாதார அமைச்சராக இருந்த ராஜ்குமாரி அம்ரித் கௌர் இதில் தீவிரமாக இருந்தார்.

எதிர்த்தவர் யார் தெரியுமா? ராஜாஜி! 1955ல் பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். ஊசியின் பயன், பாதுகாப்பு இரண்டையும் சந்தேகித்தார். டாக்டர்கள் எரிச்சல் அடைந்தார்கள். அவர் வாதங்களில் பல அறிவியல்படி நிற்காதவைதான். ஆனால் 'இந்த ஊரில், இந்த ஜனங்களிடம் இது வேலை செய்கிறதா என்று நிரூபித்தீர்களா' என்று 1955ல் யாராவது கேட்டிருந்தால் நேரான பதில் யாரிடமும் இல்லை என்பதும் உண்மை.

பிரிட்டனிடம் பதில் இருந்தது. 1950ல் அங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும் 14 வயதுப் பிள்ளைகளிடம் சோதனை தொடங்கினார்கள். ஊசி போட்ட 13,598 பேரில் 62 பேருக்குக் காசநோய். போடாத 12,867 பேரில் 248 பேருக்கு. கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்கள், 76 சதவீதப் பாதுகாப்பு. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஆந்திராவின் மதனப்பள்ளியில் நடந்த சோதனையில் 5,069 பேரில் 33, 5,808 பேரில் 47. அதாவது 20 சதவீதம்தான். அமெரிக்கா நடத்திய போர்ட்டோ ரிக்கோ சோதனையில் 29 சதவீதம். ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரே மருந்து, இத்தனை நிறம்! ஷேட் வேரியேஷன் என்றால் இதுதான்.

சரி, ஒரே ஒரு பெரிய சோதனை நடத்திச் சண்டையை முடித்துவிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து முடிவு செய்தன. இடம், செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய பகுதி. (இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. உலகப் புத்தகங்களில் மட்டும் இன்னும் 'சிங்கிள்புட் டிரையல்' தான்.) காசநோய் ஆராய்ச்சிக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய மையம், 193 நோயாளிகளை வைத்து வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகும் என்று காட்டி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. அது தனிக் கட்டுரைக்கான கதை.

1968ல் வேலை தொடங்கியது. 200க்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகள், சில நகரங்கள், சுமார் 3,60,000 ஜனத்தொகை. ஒரு மாதக் குழந்தையில் இருந்து கிழவர் வரை எல்லோரும் கணக்கில் உண்டு. வீடு வீடாகப் போய் பெயர் எழுதி, முன்கையில் டியூபர்குலின் சோதனை ஊசி போட்டு வீக்கத்தை மில்லிமீட்டரில் அளந்து, பெரியவர்களுக்கு எக்ஸ்ரே, சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. பாரிஸ் வகை, டென்மார்க் வகை என்று அன்றைக்கு மிகச் சிறந்தவையாகக் கருதப்பட்ட இரண்டு பிசிஜி வகைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு. அத்துடன் ஒன்றுமில்லாத பிளசிபோ. குப்பியின் மேல் ரகசிய எண் மட்டுமே இருக்கும், ஊசி போடுபவருக்கே உள்ளே என்ன என்று தெரியாது. 1971 வரை ஊசி போடும் வேலை நடந்து, மொத்தம் 2,81,161 பேருக்குப் போட்டு முடித்தார்கள். பிறகு இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். கம்ப்யூட்டர் என்பதே பெரிய அறையை அடைத்து நின்ற காலத்தில், வயல்வேலைக்குப் போய்விட்ட ஆட்களைத் தேடிப் பிடித்து எக்ஸ்ரே எடுப்பது என்றால் எவ்வளவு நடை நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை உலகத்தில் பிசிஜிக்கு இதைவிடப் பெரிய சோதனை நடந்ததில்லை.

ஏழரை வருட முடிவு 1979ல் வெளியானது. பிற்பாடு புள்ளிவிவரப் புத்தகங்களில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட எண்ணிக்கை இது: ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்குக் காசநோய். பிளசிபோ போட்ட 88,391 பேரில் 499 பேருக்கு.

505, 499. பாதுகாப்பு பூஜ்யம். இன்னும் சரியாகச் சொன்னால் ஊசி போட்டவர்கள் பக்கம் ஆறு பேர் அதிகம்!

உலகமே அதிர்ந்தது என்றால் மிகையில்லை. அதற்கு முந்தைய வருடம் 1978ல்தான் இந்தியா குழந்தைகளுக்கான விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கி அதில் பிசிஜியைச் சேர்த்திருந்தது. உலகத்தின் மிகப் பெரிய, மிகக் கவனமாக நடந்த சோதனை பயனில்லை என்கிறது. அப்படியானால் கோடிக்கணக்கான பச்சைக் குழந்தைகளின் கையில் ஏன் குத்த வேண்டும்? நிறுத்திவிட்டால் மிச்சமாகும் பணத்தைச் சிகிச்சைக்குச் செலவு செய்யலாமே? ஆனால் ஒருவேளை குழந்தைகளுக்கு அது உண்மையிலேயே பயன் தருவதாக இருந்து, அவசரப்பட்டு நிறுத்திவிட்டால்? குழந்தைகளுக்கு வரும் காசநோயில் கொடுமையானது மூளைச் சவ்வைத் தாக்கும் வகை. பிழைத்தாலும் பல குழந்தைகள் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை.

1980ல் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நிபுணர்களைக் கூட்டின. அவர்கள் சொன்னதன் சாரம்: சோதனையில் தப்பில்லை, ஆனால் அது பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோய்க்குத்தான் பதில் சொல்கிறது, சின்னக் குழந்தைகளுக்கு அல்ல. எனவே குழந்தைகளுக்குப் போடுவதைத் தொடருங்கள். சாமர்த்தியமான பதில்தான். அதே நேரம், கைக்கு வந்த முடிவு பிடிக்காததால் கண்டுபிடித்த சாக்கு என்றும் அன்றைக்கு ஒருவர் சொல்லியிருக்கலாம். அது சாக்கா உண்மையா என்று தீர்க்க செங்கல்பட்டுக்குள் இருந்த டேட்டா போதாது. வெளியே இருந்து கொண்டுவர வேண்டும்.

இங்கேதான் புள்ளிவிவர இயல் உள்ளே வருகிறது. 1976ல் இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கர், ஆய்வுகளைச் சேர்த்து ஆய்வு செய்யும் வேலைக்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயர் வைத்தார். அதே வருடம் ஸ்டூவர்ட் போகாக் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர், ஒரு சோதனைக்குள் பழைய சோதனையின் ஆட்களையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எழுதினார். சேர்க்கலாம், ஆனால் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதி ஒன்றாக இருக்க வேண்டும், சிகிச்சை ஒன்றாக இருக்க வேண்டும், பலனை அளந்த முறை ஒன்றாக இருக்க வேண்டும், செய்த ஆட்களும் இடமும் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டார். ஒரே டையிங், ஒரே மிஷின், ஒரே லைட் பாக்ஸ் என்று பையர் கேட்பதைப் போலத்தான்.

பிசிஜிக்கு அந்த நிபந்தனைகள் எதுவும் பொருந்தாது. கனடாவின் பழங்குடிக் குழந்தைகளும் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளும் திருவள்ளூர் விவசாயிகளும் ஒரே லாட் ஆக முடியாது. என்ன செய்வது?

1994ல் கிரஹாம் கோல்டிட்ஸ் தலைமையில் அமெரிக்காவில் ஒரு குழு உலகத்தில் நடந்த எல்லா பிசிஜி சோதனைகளையும் தேடி எடுத்தது. அதில் குலுக்கல் முறையிலோ அதற்கு நெருக்கமான முறையிலோ நடந்த 13 சோதனைகளின் பட்டியல் பிற்பாடு புள்ளிவிவரம் படிப்பவர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மொத்தம் 3,57,347 பேர். அதில் 1,76,782 பேர், அதாவது கிட்டத்தட்டப் பாதி, செங்கல்பட்டுக்காரர்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 13 இடத்தையும் ஒரே கூடையில் கொட்டிக் கூட்டினால் ஊசி போட்ட 1,91,064 பேரில் 1,065 நோயாளிகள், போடாத 1,66,283 பேரில் 1,510. பாதுகாப்பு 39 சதவீதம். இந்த முறை தப்பு என்று காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கே தெரியும். போர்ட்டோ ரிக்கோவில் ஊசி போட்டவர்கள் 50,634, போடாதவர்கள் 27,338. அங்கே இயல்பாகவே நோய் குறைவு. அந்த ஊரால் ஊசிப் பக்கத்தில் மட்டும் ஆரோக்கியமானவர்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டு யூனிட்டின் ரிஜெக்ட் பீஸ்களை மொத்தமாகக் கூட்டி, எந்த டெய்லர் நன்றாகத் தைக்கிறார் என்று முடிவு செய்வது போன்ற தவறு இது.

அடுத்த முறை, ஒவ்வொரு சோதனையின் விடையையும் தனியாகக் கண்டுபிடித்து, எவ்வளவு நம்பகமோ அவ்வளவு எடை கொடுத்துச் சராசரி போடுவது. நம்மூர் வெயிட்டட் ஆவரேஜ்தான். அப்படிச் செய்தால் 35 சதவீதம். செங்கல்பட்டுக்கு மட்டும் 41 சதவீத எடை! இந்த முறைக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. உண்மையான நிறம் உலகம் முழுக்க ஒன்றே ஒன்றுதான், வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் அளவெடுத்ததில் வந்த தடுமாற்றம் என்று அது நம்புகிறது.

மூன்றாவது முறை 1986ல் ரெபெக்கா டெர்சிமோனியன், நான் லெய்ர்ட் என்ற இருவர் மருத்துவச் சோதனைகளுக்குப் பிரபலப்படுத்தியது. ஒவ்வொரு டையிங்குக்கும் உண்மையிலேயே தன் தன் நிறம் உண்டு, அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர் என்கிறது அது. அப்போது பெரிய சோதனைக்கு இருந்த ஆதிக்கம் குறைந்துவிடும். செங்கல்பட்டின் எடை 10 சதவீதமாகச் சுருங்குகிறது. விடை 51 சதவீதப் பாதுகாப்பு.

ஒரே 13 தாள்கள். 39, 35, 51 என்று மூன்று விடைகள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நடந்து நடந்து எடுத்த டேட்டாவும், சில நூறு குழந்தைகளிடம் எடுத்த டேட்டாவும் ஏறக்குறைய சமமான எடைக்கு வந்து நிற்பது திருவள்ளூர் கிராமங்களில் அலைந்தவர்களுக்கு அநியாயமாகப் படலாம். ஆனால் கேள்வி 'எத்தனை பேர்' என்பது மட்டுமல்லவே. ஒரு ஊரில் எத்தனை லட்சம் பேரை அளந்தாலும் அந்த ஊரின் நிறம் மட்டும்தான் துல்லியமாகத் தெரியும்.

51 என்ற சராசரியையும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று பியர்சன் இருந்திருந்தால் கேட்டிருப்பார். நிறம் ஏன் மாறுகிறது? கோல்டிட்ஸ் குழு அதற்குச் சோதனைகளுக்குள்ளே தேடவில்லை, அட்லஸைப் பார்த்தது. ஒவ்வொரு சோதனை நடந்த இடத்தின் அட்சரேகையை எழுதி, பாதுகாப்போடு ரெக்ரஷன் போட்டார்கள். பிரிட்டன் 52, கனடா 55, சிகாகோ 42, போர்ட்டோ ரிக்கோ 18, மதனப்பள்ளியும் செங்கல்பட்டும் 13. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக ஊசி நன்றாக வேலை செய்தது! அட்சரேகையும் ஆய்வின் தரமும் சேர்ந்து 66 சதவீத வேறுபாட்டை விளக்கிவிட்டன.

அட்சரேகை ஒரு கிருமியைக் கொல்லாது என்பது யாருக்கும் தெரியும். அது வேறு எதற்கோ பினாமி. பலர் சந்தேகப்பட்டது இதை: வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் நிறைய உண்டு. வளரும்போதே அவை உடம்புக்குள் போய் கொஞ்சம் எதிர்ப்பைக் கொடுத்துவிடுகின்றன. அதன் மேல் போடும் பிசிஜிக்குக் கூடுதலாகச் செய்ய வேலை இருக்காது. அமெரிக்காவின் காரல் பாமர் 1960களிலேயே கினிப் பன்றிகளிடம் இதைக் காட்டியிருந்தார். செங்கல்பட்டிலோ அப்படிப்பட்ட கிருமிகளின் அறிகுறி பெரும்பாலோரிடம் முன்பே இருந்தது.

இதில் ஒரு பள்ளம் உண்டு, விழுந்துவிடக் கூடாது. திருப்பூர் 11 டிகிரியில் இருக்கிறது. அந்த ரெக்ரஷன் கோட்டில் 11ஐப் போட்டால் திருப்பூரில் பிறக்கும் குழந்தைக்குப் பிசிஜியால் பெரிய பயன் இல்லை என்று வரும். ஆனால் 13 டிகிரியில் இருந்த சோதனைகளில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். 55ல் இருந்த கனடாவிலும் 42ல் இருந்த சிகாகோவிலும் ஊசி போட்டது கைக்குழந்தைகளுக்கு. கனடாவில் 306 பேரில் 6, 303 பேரில் 29. சிகாகோவில் 1,716 பேரில் 17, 1,665 பேரில் 65. ஆக, கோட்டில் ஏறி இறங்குவது அட்சரேகையா வயதா?

2014ல் பூனம் மங்தானி குழு இதைப் பிரித்துப் பார்த்தது. பிறந்த குழந்தைகளுக்குப் போட்டால் நுரையீரல் காசநோயிலிருந்து 59 சதவீதம், முன்பு கிருமி படாதவர்கள் என்று கறாராகச் சோதித்த பள்ளிப் பிள்ளைகளுக்கு 74 சதவீதம் பாதுகாப்பு. கறாராகச் சோதிக்காமல் எல்லோருக்கும் போட்ட இடங்களில் மிகக் குறைவு. செங்கல்பட்டின் சொந்தக் கணக்கும் 1999ல் இதே பக்கம் லேசாகக் கை காட்டியது. சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் வெளியிட்ட 15 வருட முடிவில், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு 27 சதவீதம். ஆனால் அதன் நம்பிக்கை எல்லை மைனஸ் 8ல் இருந்து 50 வரை. பூஜ்யம் உள்ளேயே இருக்கிறது. தனியாக அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மூளைச் சவ்வுக் காசநோய்க்குச் சோதனைகள் சுத்தமாகவே போதாது. அது அபூர்வமான நோய். அதற்காகச் சோதனை நடத்த வேண்டுமானால் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பிளசிபோவில் விட வேண்டும், யார் சம்மதிப்பார்கள்? எனவே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நோய் வந்த குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தழும்பு இருக்கிறது, அதே வயதில் நோய் வராத குழந்தைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். சென்னையிலும் அப்படி ஓர் ஆய்வு நடந்து 1996ல் வெளியானது. பியர்சனின் பழைய பயம் இங்கே திரும்பி வருகிறது: ஊசி போட்டுக்கொண்டு வரும் குடும்பம் கொஞ்சம் வசதியான, விவரமான குடும்பமாக இருக்கலாம். ஆனாலும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு குறைகளோடு நடந்த ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்ந்தன. 1994 கணக்கில் மூளைச் சவ்வுக் காசநோய்க்கு 64 சதவீதப் பாதுகாப்பு.

2006ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ட்ரன்ஸ், ஃபைன், டை என்ற மூவர் இந்தப் பாதுகாப்பு சதவீதத்தை எடுத்து, ஒவ்வொரு நாட்டிலும் வருடத்துக்கு எவ்வளவு பேருக்குக் கிருமி தொற்றுகிறது, எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போகிறது என்ற வெளிக் கணக்குகளோடு இணைத்தார்கள். 2002ல் உலகத்தில் பிசிஜி போட்ட சுமார் 10 கோடிக் குழந்தைகளில், ஏறத்தாழ 30,000 பேருக்கு மூளைச் சவ்வுக் காசநோய் வராமல் தடுக்கப்பட்டிருக்கும் என்று வந்தது. அதாவது 3,400 சொச்சம் ஊசிக்கு ஒரு குழந்தை. ஒரு ஊசிக்கு 2 முதல் 3 டாலர் செலவு. மிச்சமாகும் ஒவ்வொரு ஆரோக்கியமான வருடத்துக்கும் சுமார் 206 டாலர். 1979ல் நிறுத்தலாமா என்று கேட்டவர்களுக்குக் கணக்குப்பிள்ளை மொழியிலேயே பதில் வர 27 வருடம் ஆகியிருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. 2022ல் காசநோயாளிகளோடு ஒரே வீட்டிலோ அருகிலோ இருந்த 68,552 பேரின் டேட்டாவை, தலை தலையாக, 17 நாடுகளின் 26 ஆய்வுகளில் இருந்து திரட்டிக் கணக்குப் போட்டார்கள். மொத்தத்தில் 18 சதவீதம்தான் பாதுகாப்பு. ஐந்து வயதுக்குள் 37 சதவீதம், பெரியவர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. செங்கல்பட்டு சொன்னதற்கு இது வெகு பக்கம். 2024ல் இந்திய அரசு பல மாவட்டங்களில் பெரியவர்களுக்குப் பிசிஜி போட்டுப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கியபோது, முதலில் எல்லோரும் எடுத்து வைத்த பழைய தாளும் அதே 505, 499 தான்.

அந்தத் தாள் வேறு விதத்திலும் வாழ்கிறது. ஆர் என்ற இலவச மென்பொருளில் மெட்டா அனாலிசிஸ் படிப்பவர்கள் முதலில் திறக்கும் பயிற்சி டேட்டா இந்த 13 சோதனைகள்தான். திருவள்ளூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நார்வே மாணவனும் பிரேசில் மாணவியும் எட்டாவது வரியை ஒரு முறை எடுத்துவிட்டு விடை எவ்வளவு மாறுகிறது என்று போட்டுப் பார்த்து, பிறகு திரும்பச் சேர்க்கிறார்கள்.